பிரித்துப் பார்க்காதவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வேலை போனதற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்துவைத்துச் சொன்னால் மர்மக்கதை எழுதுகிறவன் மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்தத் திறமையும் கிடையாது, அந்த ஆசையும் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்குகிற ஒரு சின்னத் தொழிற்சாலை. எங்கள் முதலாளி, யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, மூன்று உலைகளையும் கம்ப்யூட்டர் வைத்து ஓட்டலாம் என்று முடிவு செய்தார். அதற்குப் புரோகிராம் எழுத நான். ஒரு வருஷம் கழித்து எனக்குத் துணையாக அவர். ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடி வைத்து ஏ.சி. போட்ட ஒரு அறை, அதில் இரண்டு நாற்காலி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதுக்குப் பக்கம். நான் முன்னால் சேர்ந்தவன் என்பதால் 'சார்' ஆனேன். அவர் 'மேடம்' ஆனார், உலையடி ஆட்களுக்கு.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கணவர் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. மின்சார ரயிலில் ஏறினால் பட்டரவாக்கம் நாலாவது ஸ்டேஷன். அதற்கு மேல் ஒரு ஸ்டேஷன் கூடினாலும் வேலைக்குப் போகவேண்டாம் என்று மாமியார் சொல்லியிருந்தாராம். ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவேண்டும். அந்த நாலு ஸ்டேஷனுக்குள் புரோகிராம் எழுதுகிற வேலை எங்கள் இடத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை நான் மறந்துபோய் எதுவும் செய்யவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். என்ன, ஏன் என்று கேட்கமாட்டார். யாரிடம், எப்போது, என்ன சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று மட்டும் கேட்பார். சொன்ன நேரத்துக்குச் சொன்ன ஆளிடம் அது போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் வாட்ச்மேன் சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரையை மறந்துவிடுவார். "நாலு மணிக்கு ஞாபகப்படுத்தும்மா" என்று ஒருநாள் சொல்லிவைத்தார். நாலு மணிக்கு இவர் கேட்டுக்குப் போனார், ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். நான் கேட்டேன், "ஞாபகப்படுத்தத்தானே சொன்னார், நீங்க ஏன் தண்ணி தூக்கிட்டுப் போறீங்க?"

"வேலையை மட்டும் சொல்லிட்டு வந்தா, அவர் தண்ணி தேடிப் போவார் சார். போற வழியில யாராவது பேச்சுக் கொடுப்பாங்க. வேலையைச் சொன்னா, வேலைக்கு வேண்டியதையும் கையோட கொடுத்துடணும். அப்புறம் நாம நகர்ந்துடலாம்."

இதில் 'நகர்ந்துடலாம்' என்பதுதான் அவருக்கு முக்கியம். கொடுத்த பிறகு நின்று பார்க்கமாட்டார். வாட்ச்மேன் மாத்திரையை முழுங்கினாரா, சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

உலையடியில் கோதண்டம் என்று ஒரு ஆபரேட்டர். பருத்திப்பட்டுக்காரர். அப்பா காலம் வரை ஏரிக்கரையில் யார் யார் நிலத்திலோ கூலிக்கு உழுதவர்கள். குடும்பத்தில் முதல்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவர் இவர்தான். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவார், அரைமணி நேரத்தில் அது கரியாகிவிடும் என்று தெரிந்தும்.

ஒருநாள் காலை கோதண்டம் ஒரு பொட்டலத்தோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒங்க குவார்ட்டர்ஸுல மூணாவது ஊட்ல நம்ம அத்தை பொண்ணு கீது. இத்த அதுகைல குட்த்துருங்க. கீழ வெக்காதீங்க, எலி கீது. டேபிள் மேலயே இருக்கட்டும்."

சரி என்று வாங்கி மேசைமேல் வைத்தார். பத்து மணிக்கு ஏ.சி. போட்டோம். பத்தேகாலுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். கருவாடு. ஜன்னலே இல்லாத கண்ணாடி அறையில், ஏ.சி. அதைச் சுற்றிச் சுற்றி என் மூக்குக்கே கொண்டுவந்து சேர்த்தது. அதை வெளியே வைக்கச் சொன்னேன். "டேபிள் மேலன்னு சொல்லியிருக்கார் சார்" என்றார். "அது கருவாடும்மா" என்றேன். "அப்படியா, எனக்குத் தெரியாது" என்றார். அவர் வீட்டில் சைவம். சாயங்காலம் வரை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு கையால் டைப் அடித்தார். பொட்டலத்தைப் பிரிக்கவுமில்லை, நகர்த்தவுமில்லை. பிறகு அதையே மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஆவடி வரை போனார். பெட்டியில் இருந்த பெண்கள் அவரை என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

சிரிக்க முடியாத சமாச்சாரமும் ஒன்று நடந்தது. ஸ்டோர் கீப்பர் ராஜமாணிக்கத்தின் தங்கைக்கு ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டார் அன்று மத்தியானம் மாங்காட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அம்மன் கோவிலில் வைத்துப் பெண் பார்ப்பது. அதற்குள் மாப்பிள்ளையைப் பற்றி என்னவோ ஒரு பேச்சு காதில் விழுந்து, அதை விசாரிக்க ராஜமாணிக்கம் அரைநாள் லீவு போட்டுவிட்டு பூந்தமல்லி போனார். போகும்போது இவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள என் போன் வரலைன்னா, இந்த நம்பருக்குப் பேசி, 'இன்னைக்கு வர வேணாம்'னு மட்டும் சொல்லிடுங்க மேடம்."

பன்னிரண்டு மணிக்குப் போன் வரவில்லை. இவர் எழுந்துபோய் முதலாளி அறைப் போனில் அந்த நம்பரைச் சுழற்றினார். "இன்னைக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். வைத்துவிட்டார். பன்னிரண்டு அடித்து நாலு நிமிஷத்தில் ராஜமாணிக்கம் கூப்பிட்டார். மாப்பிள்ளை பத்தரைமாற்றுத் தங்கமாம், கேள்விப்பட்டதெல்லாம் வேறு யாரோ ஒருவனைப் பற்றியதாம். எஸ்.டி.டி. பூத்தில் தனக்கு முன்னால் ஒரு அம்மாள் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தாளாம்.

"சொல்லிட்டேனே" என்றார் இவர்.

மறுநாள் ராஜமாணிக்கம் எங்கள் அறை வாசலில் நின்று கத்திய கத்தலில் உலையடி ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மானம் போச்சு என்று வரனையே முறித்துவிட்டார்கள். "அஞ்சு நிமிஷம் பொறுக்கக்கூடாதா? ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? நீங்க மனுஷிதானே?"

ராஜமாணிக்கம் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "ஏன்னு கேட்டிருந்தா எனக்கும் ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும் சார். அப்புறம் அவர் சொன்னதைச் செய்யமாட்டேன், எனக்குத் தோணினதைச் செய்வேன். அப்போ என்கிட்ட எதுக்குக் கொடுக்கணும்?"

சரியான பேச்சுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயம் வந்தது. ஒரு பெண்ணுடைய கல்யாணம் நின்றுபோயிருக்கிறது, இவர் கணக்குச் சரியாக வந்துவிட்டது போல உட்கார்ந்திருக்கிறாரே என்று. மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அவர் எழுதிய புரோகிராமும் அவரைப் போலவேதான் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

புரோகிராமில் ஒரு வேலையைச் செய்கிற சின்னத் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். எங்களிடம் 'இறக்கு' என்று ஒன்று இருந்தது. அது உலையிலிருந்து பழுத்த கியர்க் கூடையைக் கொண்டுவந்து எண்ணெய்த் தொட்டியில் இறக்கும். எந்தக் கூடை என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும். இறக்கு(2) என்று எழுதினால் இரண்டாவது கூடை இறங்கிவிடும், அந்தக் கணமே. நான் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இப்படித்தான். சூடாக்கு, நாற்பது நிமிஷம் எண்ணு, இறக்கு(2). ஒவ்வொரு கியருக்கும் ஒரு தனிப் புரோகிராம், ஒவ்வொன்றும் அனுமார் வால் நீளம். பதினோரு புரோகிராம் அப்படி வைத்திருந்தேன். எதிலாவது நேரம் மாறினால் பதினொன்றிலும் தேடித் திருத்தவேண்டும்.

இவர் வந்த மூன்றாவது மாதம் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினார். அதற்கு 'அப்புறம்' என்று பெயர் வைத்தார். அதனிடம் மூன்றைக் கொடுக்கவேண்டும். எத்தனை நிமிஷம், எந்த ஃபங்ஷன், அந்த ஃபங்ஷனுக்கு வேண்டிய பொருள். அப்புறம்(40, இறக்கு, 2). இங்கே 'இறக்கு' என்பது வெறும் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறி இல்லை. அதனால் அது உடனே ஓடாது. 'அப்புறம்' அந்தப் பெயரையும் அந்த இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். நாற்பது நிமிஷம் ஆனதும் 'இறக்கு'வைக் கூப்பிட்டு, கையில் இரண்டைக் கொடுத்து, நகர்ந்துவிடும். எதை வேண்டுமானாலும் அதனிடம் கொடுக்கலாம். கதவைத் திற, மணி அடி, விசிறியைப் போடு, எதுவானாலும்.

"இறக்கப் போவுதா, திறக்கப் போவுதான்னே தெரியாம அது எப்படிம்மா கூப்பிடும்?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"அதுக்கு ஏன் சார் தெரியணும்? எப்போ கூப்பிடணும், என்ன கையில கொடுக்கணும், அவ்வளவு போதும்."

"தப்பான ஒண்ணை எவனாவது குடுத்துட்டா?"

"கொடுக்கறவங்க பார்த்துக் கொடுக்கணும்."

எனக்குப் பொறாமை. இதை இப்போது சொல்லிவிடுவதில் என்ன வந்தது? என் பதினோரு புரோகிராம்களும் ஒரு பக்கத்துக்குச் சுருங்கிவிடும் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் ஆறு மாதம் அதைத் தொடாமல் இருந்தேன். அவர் பொறுப்பில் இருந்த முதல் உலையும் மூன்றாவது உலையும் 'அப்புறம்' வைத்து ஓடின. என் இரண்டாவது உலை அனுமார் வாலோடு ஓடியது.

பிறகு ஒரு புது கியர் ஆர்டர் வந்தது, அவசரம். இரண்டாவது உலையில்தான் ஓட்டவேண்டும். பழைய பாணியில் எழுத நேரமில்லை. யாருக்கும் தெரியாமல் 'அப்புறம்' வைத்து எழுதினேன். அவருடையதைத்தான் எடுத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆனால் என் விரல்களுக்கு வேறு பழக்கம். 'இறக்கு' என்று அடித்தால் அடுத்து அடைப்புக்குறியும் தானே விழும். அப்புறம்(40, இறக்கு(2) என்று அடித்துவிட்டு, மூன்றாவதாக ஏதோ கேட்குமே என்று ஒரு சைபரைப் போட்டு மூடினேன். கம்ப்யூட்டர் ஒரு வரி எச்சரிக்கை காட்டியது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று விட்டேன். தினமும் இருபது எச்சரிக்கை காட்டுகிற மெஷின் அது.

நான் எழுதியதற்கு அர்த்தம் வேறாகிவிட்டது. நாற்பது நிமிஷம் கழித்து இறக்கு என்பதற்குப் பதில், இப்போதே இறக்கிவிட்டு வா, பிறகு நாற்பது நிமிஷம் எண்ணிக்கொள் என்று ஆகிவிட்டது.

அன்று எனக்குக் கொரட்டூரில் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள் வேலை. மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். பிளாப்பியை அவர் மேசையில் வைத்தேன்.

"நாலு மணிக்குக் கூடை சூடேறிடும். இதைப் போட்டு ஓட்டிடுங்க."

"பார்க்கணுமா சார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் கண்டதில்லை. எங்கள் இடத்தில் புதுப் புரோகிராம் என்றால் முதலில் காலிக் கூடையை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதைத்தான் கேட்டார். ஓட்டினால், அவருடைய 'அப்புறம்'தான் உள்ளே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

"வேணாம், நான் பார்த்தாச்சு" என்றேன்.

நாலு மணிக்கு அவர் போட்டார். புரோகிராம் தொடங்கியதும் நாற்பது நிமிஷம் தொட்டிப் பக்கம் எதுவும் நடக்காது என்பது உலையடியில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் எண்ணெய் மேலே படிந்த கசடை வழித்தெடுப்பார்கள். கோதண்டம் நீளக் கரண்டியோடு தொட்டி ஓரத்தில் குனிந்திருந்தார். கூடை இறங்கியது. எண்ணெய் அவர் வலது கையில் முழங்கை வரை அடித்தது.

நான் அப்போது கொரட்டூரில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்ததும் வாட்ச்மேன் சொன்னார். கோதண்டத்தை அவசரமாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, கைதான் எப்படி ஆகுமோ என்றார். அறைக்குள் போய் என் பிளாப்பியில் இருந்ததைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. தேவையும் இல்லை. வாட்ச்மேன் "போட்ட வொடனே எறங்கிச்சு சார்" என்று சொன்னபோதே அந்த அடைப்புக்குறிகள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன.

பத்து மணிக்கு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றார் அவர்.

"காலிக் கூடை ஓட்டினியா?"

"ஓட்டலை சார்."

"ஏன்?"

முதலாளி மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இவர் பார்த்தாச்சுன்னு சொன்னார்' என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் ஒப்புக்கொள்ளவேண்டியதுதான், வேறு வழியில்லை என்று மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "ஓட்டியிருக்கணும் சார்" என்றார், அவ்வளவுதான்.

"யார் எழுதியது?" என்று முதலாளி கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எல்லா உலையிலும் 'அப்புறம்' என்று ஏதோ ஒன்று ஓடுகிறது, அது இந்தம்மா எழுதியது என்பதுதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன ஹரிச்சந்திரனா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டிலும் மூன்று பேர் சாப்பிடவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டு சமாதானங்களும் மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. ஆனால் அதற்குள் அவர் கணக்கை முடித்து அனுப்பியிருந்தார்கள்.

போகும்போது மேசையைத் துடைத்துவிட்டு, டிராயர் சாவியை என்னிடம் கொடுத்தார். "முதல் உலைக்கு வெள்ளிக்கிழமை நேரம் மாத்தணும் சார். மாத்தவேண்டிய வரியைக் குறிச்சு வெச்சிருக்கேன், புது நேரத்தையும் பக்கத்துல எழுதியிருக்கேன்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என் புரோகிராமைத் திறந்தேன், திருத்திவிடலாம் என்று. திருத்த ஒன்றும் இல்லை. அப்புறம்(40, இறக்கு, 2) என்று சரியாக இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் தப்பாக எழுதவே இல்லையோ என்று. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். முதல்நாள் சாயங்காலம், ஐந்தேகால். கோதண்டத்தை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மறுபடி அறைக்கு வந்து உட்கார்ந்து, படித்து, திருத்தியிருக்கிறார். அதன் பிறகுதான் ஆறு மணிக்கு வீடு போய்ச் சேர ஓடியிருப்பார்.

ஆக, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு எல்லாம் தெரியும். நான் வாயைத் திறப்பேனா என்று அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகாவது முதலாளி அறைக்குப் போயிருக்கலாம். இரண்டு முறை கதவு வரை போனேன். ஒருமுறை உள்ளே யாரோ இருந்தார்கள். இன்னொரு முறை யாரும் இல்லை. அப்போதும் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, பிறகு அதைச் சொன்னால் 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்விதான் பெரிதாக வரும் என்று விட்டுவிட்டேன். கோதண்டத்தைப் போய்ப் பார்க்கவும் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போனால் கையைக் காட்டுவாரே என்று பயம்.

மூன்று நான்கு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். மைத்துனன் வீட்டுக்கு வந்துவிட்டு ஆவடிப் பக்கம் போகிற ரயிலுக்கு நின்றிருந்தேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். "சார், நல்லா இருக்கீங்களா?"

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆவடியிலயே ஒரு நர்சிங் ஹோம்ல பில் போடறேன் சார். ரெடிமேட் புரோகிராம்தான். நாம எழுத ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு, "இங்க பிசியோதெரபி பண்றவர் ஒருத்தர் இருக்கார். கோதண்டத்தை மாசம் ஒருதரம் கூட்டிட்டு வரேன். இப்போ விரல் மடக்கறார் சார், மூணு விரல். டம்ளர் பிடிக்கிறார். அவர் தங்கச்சி வீடு பக்கத்துல இருக்கு, அங்க விட்டுட்டு வரேன்" என்றார்.

மூன்று நான்கு வருஷம். கொடுத்துவிட்டால் திரும்பிப் பார்க்காதவர்.

"நீங்க எதுக்குங்க?" என்று உளறினேன். "தப்பு உங்களுது இல்லையே."

"உங்களுது ரெண்டு அடைப்புக்குறி சார். அதை அன்னைக்கே எடுத்துட்டேன். கை தவறி விழறதுதான், யாருக்கும் விழும். பிரிச்சுப் பார்க்காம போட்டது நான். உலைக்குப் பக்கத்துல ஆள் நிக்கிற இடத்துல, வாங்கினேன் கொடுத்தேன்னு இருக்கக்கூடாது. அது எனக்குத் தெரியாம போச்சு." கொஞ்சம் சிரித்தார். "இப்போ யார் எதைக் கொடுத்தாலும் பிரிச்சுப் பார்த்துடறேன். வீட்டுல எரிஞ்சு விழறாங்க."

இத்தனை நாளும் அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மனசு என்று உள்ளுக்குள் அவரைக் கும்பிட்டிருக்கிறேன். கும்பிட்டதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றவே இல்லை. முதலாளி கேட்டதற்குத் தன் பங்கைச் சொல்லியிருக்கிறார். என் பங்கை எனக்கு விட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. இப்போது விட்டால் இனி சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அன்னைக்கு முதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அதெல்லாம் பழைய கதை, விடுங்க சார் என்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"ஆமா சார். சொல்லியிருக்கணும்" என்றார்.

ரயில் நின்றது. அவர் பெண்கள் பெட்டியைத் தேடி முன்னால் நடந்து போய் ஏறிக்கொண்டார். நானும் அதே ரயிலில்தான் போகவேண்டும். ஏறாமல் நின்றுவிட்டேன்.